பேறுகால மனச்சோர்வும் குடும்பத்தாரின் கடமையும்

 

 

பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஏற்படும் மனச்சோர்வு பற்றி இவ்வாரம் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். மிம்பருக்கு முன்னால் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆண்கள். பேறுகாலம் பெண்களின் சமாச்சாரம். அதை ஜும்ஆவில் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஜமாஅத்துக்கு வரும் குடும்பப் பிணக்குகளைக் கவனித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் பிள்ளை பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் வந்து நிற்கும் வழக்குகள் சில உண்டு. "பெண் யாரோடும் பேசுவதில்லை; பிள்ளை அழுதாலும் எழுவதில்லை; புத்தி பேதலித்தவளை மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்" என்பது மாப்பிள்ளை வீட்டாரின் முறையீடு. "நல்லபடியாக இருந்த பெண்ணை இப்படி ஆக்கிவிட்டார்கள்" என்பது பெண் வீட்டாரின் பதில். பேச்சு தலாக் வரை போய்விடுகிறது. அந்தப் பெண்ணை ஒரு மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டால் இரு தரப்பாரும் மௌனமாகிவிடுகின்றனர். சிகிச்சையால் குணமாகக்கூடிய ஒரு நோயின் பொருட்டு ஒரு நிகாஹ் முறிகிறது. தாயும் பிள்ளையும் தனித்து விடப்படுகின்றனர். இதைப் பள்ளிவாசலில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

அன்னை மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல்

திருமறையில் பெயர் குறிப்பிட்டுக் கூறப்பட்டுள்ள பெண்மணி அன்னை மர்யம் (அலை) அவர்கள் ஒருவரே. உலகப் பெண்கள் அனைவரினும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று அல்லாஹ்வே அவர்களைச் சிறப்பித்துள்ளான். அத்தகைய உத்தமியின் பிரசவ நேரத்தை அவர்களின் பெயராலேயே அமைந்த 19ஆவது அத்தியாயம் விவரிக்கிறது. பிரசவ வேதனை அவர்களை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு சேர்க்கிறது. இதற்கு முன்பே தாம் இறந்து, அடியோடு மறக்கப்பட்டவளாகி இருக்கலாகாதா என்று அவர்கள் ஏங்குகிறார்கள் (19:23).

அன்னைக்கு ஏற்பட்டது இன்றைய மருத்துவர்கள் கூறும் மனச்சோர்வு நோய்தான் என்று நான் கூற வரவில்லை. அது மாபெரும் சோதனை. கணவர் இன்றிப் பிள்ளை பெற்றதற்கு ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். துன்பத்தின் காரணமாக எவரும் மரணத்தை விரும்பலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, அன்னை எவ்வாறு அதனை விரும்பினார்கள் என்ற கேள்வியை முஃபஸ்ஸிரீன்கள் எழுப்பி, தம் மார்க்கத்துக்குக் களங்கம் வந்துவிடுமோ என அஞ்சியே அவ்வாறு கூறினார்கள் என்று விளக்கமும் தந்துள்ளனர். மதரஸாவில் இப்பாடத்தை ஓதுவோர் பெரும்பாலும் இந்த விளக்கத்தோடு அடுத்த வசனத்துக்குச் சென்றுவிடுகின்றனர். சற்று நின்று, அந்த ஏக்கத்துக்கு என்ன பதில் வந்தது என்று பாருங்கள்.

மரத்தடியிலிருந்து அழைப்பு வருகிறது. அழைத்தவர் ஜிப்ரீல் (அலை) என்பாரும், பிறந்த மகவாகிய ஈஸா (அலை) என்பாரும் உண்டு. அந்த அழைப்பில் கண்டனம் ஒரு சொல் கூட இல்லை. "உன் ஈமான் எங்கே போயிற்று?" என்ற கேள்வி இல்லை. கவலை கொள்ள வேண்டாம் என்ற ஆறுதலுக்கு அடுத்து உடனே கூறப்படுவது, அவர்களின் காலடியில் இறைவன் ஓடவிட்டுள்ள நீரோடை. பிறகு பேரீச்ச மரத்தைத் தம் பக்கம் உலுக்கினால் கனிந்த பழங்கள் உதிரும் என்ற செய்தி. உண்ணவும் பருகவும் கண்குளிரவும் கட்டளை. அதன் பின் மற்றொன்று: மனிதர் எவரையேனும் கண்டால், இன்று எவரோடும் பேசுவதில்லை என ரஹ்மானுக்கு நேர்ச்சை செய்திருப்பதாக அறிவித்துவிட வேண்டும் (19:24-26). தண்ணீர், உணவு, ஊராருக்குப் பதில் சொல்ல வேண்டிய சுமையிலிருந்து விடுதலை. சாக வேண்டும் என்று தோன்றிய ஒரு தாய்க்கு அருளாளன் அனுப்பிய உதவி இவ்வளவும்.

மரத்தை உலுக்கும்படி கூறியதை எடுத்துக்கொண்டு 'முயற்சி இன்றிப் பலன் இல்லை' என்று பயான் செய்யும் ஆலிம்கள் பலர். அது சரியான கருத்தே. ஆயினும் மனம் சோர்ந்து கிடக்கும் பெண்ணிடம் சென்று, "நீயாக முயன்று எழுந்தால்தான் உண்டு" என்று சொல்வதற்கு இந்த வசனத்தைப் பயன்படுத்துவது முறையாகாது. மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது; ஓடை காலடியில் இருந்தது. முதலில் அவை அருகில் கொண்டுவந்து வைக்கப்பட்டன. நம் வீட்டுப் பெண்ணின் அருகில் நாம் எதைக் கொண்டுவந்து வைத்தோம்?

பின்னர் பிள்ளையை ஏந்திக்கொண்டு அன்னை தம் மக்களிடம் வந்தபோது, பழிச்சொற்கள் வரவே செய்தன. அன்னை வாய் திறக்கவில்லை. தொட்டிலின் பக்கம் கை காட்டினார்கள். அவர்களுக்காக இன்னொருவர் பேசினார். நம் காலத்தில் பச்சிளங் குழந்தை பேசப்போவதில்லை. அவள் சார்பில் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பதில் கூற வேண்டியவர் கணவர்.

நோயை அறிந்துகொள்ளுதல்

பேறுகாலத்தில் வரும் எல்லா அழுகையும் நோய் அன்று. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் தாய்மார்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணமின்றிக் கண்ணீர் வருவதும், எரிச்சலும் பதற்றமும் தோன்றுவதும் உண்டு. நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடலில் ஹார்மோன்களின் அளவு திடீரெனச் சரிகிறது, தூக்கமும் கெடுகிறது. ஆறுதலும் ஓய்வும் கிடைத்தால் பத்து நாட்கள், மிஞ்சினால் இரண்டு வாரங்களில் இது தானே அடங்கிவிடும்.

இரண்டு வாரங்களைக் கடந்தும் நீடித்தால் கவனிக்க வேண்டும். எதிலும் நாட்டமின்மை, குழந்தை உறங்கும் நேரத்திலும் தனக்கு உறக்கம் வராமை, பசியின்மை, எழுந்து குளிக்கவும் இயலாத களைப்பு, தான் தாயாக இருக்கத் தகுதியற்றவள் என்ற குற்ற உணர்வு, குழந்தையிடம் பாசமே வரவில்லையே என்ற அச்சம், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். நம் பெண்கள் 'மனம் சரியில்லை' என்று கூறுவது அரிது. நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது என்றே கூறுவார்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடியவை. ஆதலால் இரத்தப் பரிசோதனையும் அவசியமாகிறது.

மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், திடீரெனப் புத்தி தடுமாறும். உறக்கமே இன்றிப் பிதற்றுவது, இல்லாத குரல்கள் கேட்பதாகக் கூறுவது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது என்று வந்தால் அது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தாயையும் பிள்ளையையும் அந்நேரம் தனியே விடலாகாது.

இது மேல்நாட்டுப் பெண்களுக்கு வரும் நோய் என்று எண்ணுவோருக்காக ஒன்று சொல்கிறேன். வேலூரை அடுத்த கிராமப்புறத்தில் 359 கர்ப்பிணிப் பெண்களைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சந்தித்து நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2002ஆம் ஆண்டு வெளியாயிற்று. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் நூற்றுக்கு 11 பேர். அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டவை எவை தெரியுமா? வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயர நிகழ்ச்சி, ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை. இவற்றில் எத்தனை நம் கையில் உள்ளவை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பெண் குழந்தை பிறந்ததாக நற்செய்தி கூறப்பட்டதும் முகம் கறுத்துப் போகும் மனிதனைத் திருமறை கண்டிக்கிறது (16:58-59). அது அறியாமைக் காலத்து அரபியைப் பற்றியது என்று தப்சீர் வகுப்பில் படித்துவிட்டு, மகப்பேறு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் அதே முகத்தோடு நிற்பவர்களைக் காண்கிறோம். படுக்கையில் கிடப்பவள் அந்த முகத்தைப் பார்க்கிறாள். இதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

இயலாமை வேறு, சோம்பல் வேறு

கவலை, துக்கம் முதலியவற்றிலிருந்து பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி ஒரு துஆ ஓதக்கூடியவர்களாக இருந்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அதில் 'அஜ்ஸ்' என்றும் 'கஸல்' என்றும் இரண்டு சொற்கள் தனித்தனியே இடம் பெறுகின்றன. அஜ்ஸ் என்பது செய்யும் ஆற்றலே இல்லாத நிலை. கஸல் என்பது ஆற்றல் இருந்தும் உள்ளம் முன்வராத நிலை. இரண்டும் வெவ்வேறு என்று விளக்கவுரையாளர்கள் எழுதியுள்ளனர். மனச்சோர்வுற்ற பெண் இருப்பது அஜ்ஸில். வீட்டார் அவளுக்குச் சூட்டும் பெயர் கஸல். "நாங்கள் எட்டுப் பெற்று மறுவாரமே அடுப்படிக்கு வரவில்லையா?" என்று மூத்த பெண்கள் கேட்கிறார்கள். கால் முறிந்தவளிடம் எவரும் இப்படிக் கேட்பதில்லை.

"தொழுகையும் ஓதலும் இல்லாததால்தான் இந்த நிலை" என்ற பேச்சும் எழுகிறது. நிஃபாஸ் காலத்தில் தொழுகையை அவளுக்கு விலக்கியது ஷரீஅத் அல்லவா! அதையே அவளுடைய குற்றமாகப் பேசுவது என்ன நியாயம்? அக்காலத்திலும் திக்ரு, துஆ, ஸலவாத் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. பிறர் ஓதக் கேட்பதற்கும் தடை இல்லை. அவளருகில் அமர்ந்து இனிய குரலில் ஓதிக் காட்டுங்கள். (இரத்தம் முன்கூட்டியே நின்றுவிட்டால் 40 நாள் நிறைவதற்குக் காத்திருக்காமல் குளித்துத் தொழ வேண்டும். 40 என்பது ஹனஃபி மத்ஹபில் உச்ச எல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் உச்ச எல்லை 60. நம் வீடுகளில் இதை மாற்றிப் புரிந்துகொண்டிருப்போர் அதிகம்.) தொழுகைக்கு மீண்ட பின்னும் நிற்க இயலாவிடில் உட்கார்ந்து தொழலாம், அதுவும் இயலாவிடில் படுத்த நிலையிலும் தொழலாம்.

அடுத்து, 'ஓதிப் பார்ப்பது' பற்றியும் பேசியாக வேண்டும். ஜின் இனம் இருப்பதையோ கண்ணேறையோ நாம் மறுக்கவில்லை; குர்ஆன் வசனங்களை ஓதி ஊதுவதைத் தடுக்கவும் இல்லை. ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிப் போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது ஆகிய எதற்கும் மார்க்கத்தில் இடம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் மனநோயாளிகள் 28 பேர் மாண்டதை நாம் மறந்துவிடக் கூடாது. நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. அதே ஏர்வாடியில் பிற்காலத்தில், ஸியாரத்துக்கு வருவோருக்கு அரசு மனநல மருத்துவர்கள் சிகிச்சை அளிக்கும் 'தவா-துஆ' திட்டம் ஏற்பட்டது. மருந்தும் வேண்டுதலும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை அல்லாஹ் இறக்கியுள்ளான், ஆகவே சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்பதே நபிவழிக் கட்டளையின் சாரம்.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். ஹிஜ்ரி 322ல், அதாவது கி.பி. 934ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலில், உடல் நோயுறுவது போன்றே உள்ளமும் நோயுறும் என்று விரிவாக எழுதினார்கள். துக்கத்தை அவர்கள் இரு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, இழப்பு போன்ற காரணம் தெரிந்த துக்கம். மற்றொன்று, காரணம் புலப்படாமல் உடலிலிருந்தே கிளம்பும் துக்கம். அதற்கு உடலுக்கான மருத்துவமே ஏற்றது என்றார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பல்கு நகரத்து ஆலிம் ஒருவர் கூறியதை, இன்று நம் தெருவில் கூறினால் 'ஆங்கில மருத்துவர்களின் கதை' என்கிறார்கள்.

வீட்டார் செய்ய வேண்டியவை

முதலில் தண்ணீர். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று கூறி, தாகத்தில் தவிக்கவிடும் வழக்கம் நம் பகுதிகளில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை. பிரசவித்த அன்னைக்கு அல்லாஹ் பருகும்படி கூறியிருக்க, நாம் செம்பை மறைத்து வைக்கிறோம்! பத்தியம் என்ற பெயரில் உணவைக் குறைப்பதும் இவ்வாறே. நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துத் துயரத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என்று வாற்கோதுமை மாவில் காய்ச்சிய 'தல்பீனா' கஞ்சியை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். கஞ்சி மருத்துவரின் இடத்தை நிரப்பாது. ஆனால் துயருற்றவளுக்காக ஒருவர் அடுப்பருகே நின்று காய்ச்சி எடுத்து வந்தார் என்பதில் ஓர் ஆறுதல் இருக்கவே செய்கிறது.

இரண்டாவது, உறக்கம். இரவில் நான்கைந்து மணி நேரமாவது இடையறாமல் அவள் உறங்க வேண்டும். பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கணவர் செய்யலாம், அதனால் அவர் ஆண்மை குன்றிவிடாது. நபி (ஸல்) அவர்கள் வீட்டாரின் பணிகளில் ஒத்தாசையாக இருப்பவர்கள் என்பதை அறியாதவர் நம்மில் யார்?

பார்க்க வருவோரின் கூட்டமும் ஒரு சுமையே. ஏழாம் நாள் அகீகா, பெயர் சூட்டு விழா என்று நாள் முழுதும் அவளை அலங்கரித்து உட்கார வைக்கிறோம். வருவோர் ஒவ்வொருவரும் பால் போதுமா, பிள்ளை ஏன் இளைத்திருக்கிறது, யார் சாயல், நிறம் ஏன் இப்படி என்று விசாரணை நடத்துகின்றனர். "இன்று அவளுக்கு இயலவில்லை, பிறகு வாருங்கள்" என்று வாசலிலேயே மரியாதையாகக் கூறி அனுப்பும் மாமியார் ஒரு வணக்கம் செய்கிறார் என்பேன்.

அவளோடு பேசும்போது உபதேசத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேளுங்கள். அழுதால் அழ விடுங்கள். யூசுஃப் (அலை) அவர்களை நினைத்து அழுதழுது யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின; உருகிப் போய்விடுவீர்கள் என்று கண்டித்துப் பேசியவர்கள் அவர்களின் மக்கள்தான் (12:84-85). நபியின் வீட்டிலும் இது நடந்திருக்கிறது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனதில் அடைத்து வைத்திருந்ததைச் சொல்ல வழி கிடைக்கும். "ஆம்" என்றால், உடனே "ஹராம்" என்று பத்வா கொடுக்காதீர்கள்; அது அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் குற்ற உணர்வில் வேகிறாள். அவளைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்கக் கூடாது என்பதும் 2017ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் உள்ளதே; போலீஸுக்கு அஞ்சி மறைக்கத் தேவையில்லை.

மருந்து உடனே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் சென்றே பலன் தெரியத் தொடங்கும். பலன் தெரிந்ததும் நிறுத்திவிடலாகாது. மருத்துவர் கூறும் காலம் வரை, பெரும்பாலும் குணமடைந்த பின்னும் ஆறு மாதங்களுக்கு மேல், தொடர வேண்டியிருக்கும். தூக்க மாத்திரை போல இது பழக்கமாகி அடிமைப்படுத்தும் என்பது தவறான எண்ணம். பால் கொடுக்கும்போது உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உள்ளன. பால் கொடுப்பதை மருத்துவரிடம் முன்னரே கூறிவிடுங்கள். பாலை நிறுத்தும் நிலை வந்தாலும் பதற வேண்டாம். இரண்டாண்டு பாலூட்டுவதைக் கூறும் அதே வசனத்தில், கணவனும் மனைவியும் கலந்து பேசிப் பால்குடியை முன்னதாக மறக்கடிக்கவும் அனுமதி உள்ளது. பிள்ளையின் பொருட்டுத் தாய்க்குத் தீங்கு இழைக்கப்படலாகாது என்ற விதியும் உள்ளது (2:233). பிரிந்து வாழும் தம்பதியர் பற்றிய சட்டமாக அது பேசப்பட்டாலும், அந்த நீதி எல்லாத் தாய்க்கும் பொதுவானதே. ரமளான் வந்தால் நோன்பைப் பிறகு களாச் செய்ய அவளுக்கு அனுமதி உண்டு. தாமாகவே மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டு நோன்பு வைக்க வேண்டாம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. விடுப்பைப் பிரசவத்துக்கும் அகீகாவுக்கும் செலவழித்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறீர்கள். துயரம் முற்றுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண் தாய் வீட்டிலேயே இருப்பதால் சற்று ஆறுதல். மற்ற ஊர்களில் நாற்பது கழிந்து மாமியார் வீட்டுக்குத் திரும்பும் வேளையில் அவள் தனித்துப் போகிறாள். முடிந்தால் விடுப்பை அப்போது எடுங்கள். இயலாவிடில் தொலைபேசியில் கடன் கணக்கும் வீட்டுப் புகாரும் பேசும் நேரத்தைக் குறைத்து, "இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேளுங்கள். பதில் ஒவ்வொரு நாளும் "இல்லை" என்றே வந்தால் அங்கிருந்தபடியே வீட்டாரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எங்கே செல்வது என்ற தயக்கம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பிள்ளைக்கு 6, 10, 14ஆவது வாரங்களில் தடுப்பூசி போடச் செல்லும்போது செவிலியரிடமே தாயின் நிலையைக் கூறலாம். கடந்த ஏழு நாட்களின் மனநிலை பற்றிய பத்துக் கேள்விகள் அடங்கிய ஓர் அட்டவணையை மருத்துவர்கள் இதற்கெனப் பயன்படுத்துகின்றனர், தமிழிலும் உண்டு. 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். ஜமாஅத் நிர்வாகிகள் இந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கும்படியும், பிள்ளை பிறந்து ஓராண்டுக்குள் வரும் பிணக்குகளில் மருத்துவரின் கருத்தைப் பெறாமல் தலாக் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இரவிலும் பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உறக்கமின்றி விழித்திருக்கும் தாய்மார்களுக்கு வல்ல அல்லாஹ் ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.